குறை பார்த்துக் குடியேறு

எங்கே வேண்டுமானாலும் இருந்துகொள்ளலாம் என்று ஒருவனிடம் சொல்வதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

நான் படித்த பள்ளியை அப்பா முடிவு செய்தார். கல்லூரியை மதிப்பெண் முடிவு செய்தது. மனைவியை முதுகுளத்தூர் ஜோசியர் ஒருவர் பத்துப் பொருத்தம் பார்த்து முடிவு செய்தார். அதன் பிறகு வாழ்ந்த ஊர்களையெல்லாம் மேலதிகாரிகள் பார்த்துக்கொண்டார்கள். இப்படி எதையுமே தேர்ந்தெடுக்காமல் ஐம்பதை நெருங்கிவிட்டவனை மலேசியாவுக்கு அனுப்பிய நிறுவனம், “தீபகற்பத்துக்குள் உங்களுக்குப் பிடித்த ஊரில் வீடு எடுத்துக்கொள்ளுங்கள்” என்று ஒற்றை வரியில் மின்னஞ்சல் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

என் மனைவி அதை இரண்டு முறை படித்தாள். “எந்த ஊருன்னு அவங்களே சொல்லியிருந்தா அவங்களைத் திட்டலாம். இப்போ உங்களையில்ல திட்டணும்?” என்றாள்.

நிறுவனத்தின் இந்தத் தாராளத்துக்குக் காரணம் செம்பனை. ஆலைகளின் கொதிகலன்களைக் கவனிப்பது என் வேலை. செம்பனைக் குலையை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆவியில் வேகவைத்துவிட வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறும், விலை இறங்கும். அதனால் ஆலைகளை நகரத்தில் வைப்பதில்லை, தோட்டத்துக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். தோட்டமோ தெற்கே ஜொகூரிலிருந்து வடக்கே கெடா வரைக்கும் இருக்கிறது. எந்த ஊரில் குடியிருந்தாலும் பாதி ஆலைகள் பக்கம், மீதி தூரம். வேலையைக் காரணம் காட்டி ஊரைத் தேர்ந்தெடுக்கும் வழி அதோடு அடைபட்டது.

சரி, தட்பவெப்பத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கலாமே என்று பார்த்தேன். தீபகற்ப மலேசியா முழுவதும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்றாவது பாகைக்கும் ஏழாவது பாகைக்கும் நடுவில் அடங்கிவிடுகிறது. கோலாலம்பூரில் ஜனவரி மாதப் பகலும் 32 டிகிரி, ஜூலை மாதப் பகலும் 32 டிகிரி. ஜொகூருக்குப் போனாலும் அதே வெயில், அலோர் ஸ்டாருக்குப் போனாலும் அதே வியர்வை. இந்த நாட்டில் பருவங்கள் இரண்டுதான்: ஒன்று மழை பெய்துகொண்டிருக்கும், இன்னொன்று மழை வரப்போகும். தட்பவெப்பமும் கைவிட்டது.

பொறியாளனுக்குக் கடைசிப் புகலிடம் எக்செல். ஊர்களைக் கீழே கீழே எழுதி, குடும்பத்தாரின் தேவைகளைப் பக்கவாட்டில் நிரப்பினேன். மனைவிக்கு வேண்டியவை மூன்று: முருங்கைக்காய், நடந்து போகிற தூரத்தில் ஒரு கோயில், கோலம் போட வாசலில் கொஞ்சம் தரை. கோயம்புத்தூரில் படிக்கும் மகன், விடுமுறைக்கு வரும்போது விமான நிலையமும் வைஃபையும் பக்கத்தில் இருந்தால் போதும் என்றான். எங்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “பாம்பு கிடக்குமாடா?”

அடுத்தது ஊர்களுக்கு மதிப்பெண் போடும் வேலை. அதற்காக மலேசியத் தமிழர்களிடம் விசாரித்தேன். எல்லோரும் தங்கள் ஊரையே சிபாரிசு செய்தார்கள். பிழைப்புக்காக அந்த ஊரை விட்டு இருபது வருடம் முன்பே வெளியேறியவர்கள் இன்னும் பலமாகச் சிபாரிசு செய்தார்கள். “நல்ல ஊரு அண்ணே. அமைதியா இருக்கும். சாப்பாடு அடிச்சிக்க முடியாது லா. மனுசங்க நல்லவங்க.” கிள்ளானுக்கும் இதுதான், சிரம்பானுக்கும் இதுதான், ஈப்போவுக்கும் இதுதான். என் அட்டவணையில் எல்லா ஊரும் எட்டரை மதிப்பெண் வாங்கி வரிசையாக நின்றன.

முட்டுச்சந்தில் வழி கண்டுபிடித்தது என் மனைவிதான். தமிழ்நாட்டில் நாங்கள் வாடகை வீடு பார்த்த காலத்தில், வீட்டுக்காரர் கூடத்தின் காற்றோட்டத்தை வர்ணித்துக்கொண்டிருக்கும்போது அவள் பக்கத்து வீட்டுக்குப் போய், “தண்ணி எத்தனை நாளைக்கு ஒருதரம் வருது?” என்று கேட்டுவிட்டு வந்துவிடுவாள். அதே முறையை இங்கேயும் கையாண்டாள். ஊர் எப்படி என்று கேட்பதை விட்டுவிட்டு, “உங்க ஊர்ல என்ன கஷ்டம்?” என்று கேட்க ஆரம்பித்தாள். உடனே ஒவ்வொரு ஊரும் தனித்தனியாகப் பேசத் தொடங்கியது. நிறைகளைச் சொல்ல வார்த்தைப் பஞ்சம் பிடித்த மனிதர்கள், குறைகளுக்கு மட்டும் எப்படி இவ்வளவு சொல்வளம் வைத்திருக்கிறார்கள் என்பது ஆராய்ச்சிக்குரியது.

முதலில் கோலாலம்பூர். பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கினால் பூக்கடை, பாத்திரக்கடை, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் இருக்கின்றன. முருங்கைக்காய்க் கட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு டிக் போட்டேன். பத்துமலையில் 42.7 மீட்டர் உயரத்துக்கு முருகன் பொன்னிறத்தில் நிற்கிறார். பின்னால் ஏறுவதற்கு 272 படிகள். அடிவாரத்தில் நின்றே கும்பிடும் உயரத்தில் அவர் இருப்பது மூட்டுவலிக்காரர்களுக்குச் செய்த உபகாரம் என்றாள் மனைவி.

அந்த ஊர்க்காரர்களின் குறை ஒன்றே ஒன்றுதான்: ஜேம், அதாவது போக்குவரத்து நெரிசல். அதிலே ரகம் பிரித்துச் சொன்னார்கள். காலை ஜேம், மாலை ஜேம், மழை ஜேம், பெருநாளுக்கு முந்தின நாள் ஜேம். நாங்கள் பார்த்த கொண்டோ இருபத்தெட்டாவது மாடியில் இருந்தது. நீச்சல் குளம், உடற்பயிற்சிக்கூடம் எல்லாம் உண்டு. மனைவி கதவுக்கு வெளியே இருந்த நடைபாதையைப் பார்த்து, “கோலம் எங்கே போடறது?” என்றாள். வீடு காட்ட வந்த பெண் லிஃப்டைக் காட்டினாள். எதற்குக் காட்டினாள் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

எனக்கு அங்கே வேறொரு சங்கடம். விடியற்காலை எழுந்து நடக்கிற பழக்கம் உள்ளவன் நான். கோலாலம்பூரில் ஆறு மணிக்குக் கும்மிருட்டு, ஆறரைக்கும் இருட்டு. ஏழு மணி வாக்கில்தான் சூரியன் வருகிறது. இதற்குக் காரணம் சூரியன் அல்ல, அரசாங்கம். கிழக்கே போர்னியோ தீவில் இருக்கும் சபா, சரவாக் மாநிலங்களோடு நேரம் ஒத்துப்போக வேண்டும் என்று, 1982 பிறந்ததும் தீபகற்பத்துக் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளிவிட்டார்கள். அன்றிலிருந்து இங்கே பள்ளிப் பிள்ளைகள் நட்சத்திரம் பார்த்துக்கொண்டே பேருந்து ஏறுகிறார்கள். இந்தக் குறை தீபகற்பம் முழுவதற்கும் பொது என்பதால் கோலாலம்பூருக்கு மட்டும் மதிப்பெண் குறைக்க முடியவில்லை.

வெயிலுக்குப் பயந்தவர்கள் எல்லோரும் சொன்ன இடம் கேமரன் மலை. கடல்மட்டத்துக்கு மேல் 1,400 மீட்டருக்கும் அதிகமான உயரம், தேயிலைச் சரிவு, ஸ்ட்ராபெர்ரி, போர்வை போர்த்திக்கொள்ளும் குளிர். ஊர்க்காரர்களின் குறை: சனி, ஞாயிறு வந்தால் கோலாலம்பூர் மொத்தமும் மேலே ஏறி வந்து, தான் விட்டு வந்த ஜேமை இங்கே தொடர்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். ஆனால் அங்கே தங்கியிருந்த விடுதியில் மனைவி ஒரு கதையைக் கேட்டுவிட்டாள். தாய்லாந்துப் பட்டு வியாபாரத்தில் பெயர்பெற்ற ஜிம் தாம்ப்சன் என்ற அமெரிக்கர் 1967 மார்ச்சில் இங்கே விடுமுறைக்கு வந்தார். ஒரு பிற்பகல் தனியாக நடந்து வரப் போனார். போனவர்தான். காடு முழுக்கச் சல்லடை போட்டுத் தேடியும் இன்றுவரை ஒரு தடயம் இல்லை. “வாக்கிங் போறதுக்கு அருமையான இடம்” என்ற என் வாதம் அத்தோடு முடிந்தது.

ஜொகூர் பாருவைப் பரிந்துரைத்தவர்கள் சிங்கப்பூரைப் பற்றியே பேசினார்கள். அங்கே சம்பாதித்து இங்கே செலவு செய்தால் ராஜவாழ்க்கை. அந்த ராஜா விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, ஒரு கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள எல்லைப் பாலத்தைக் கடக்க மோட்டார் சைக்கிள் வெள்ளத்தில் நிற்க வேண்டும் என்பது குறை. எனக்குச் சிங்கப்பூரில் வேலை இல்லை. ராஜவாழ்க்கைக்கு வழியில்லாமல் விலைவாசியை மட்டும் அனுபவிப்பது நியாயமில்லை என்று பட்டது. அதோடு, 2014-இல் வார விடுமுறையை வெள்ளி, சனி என்று மாற்றிய மாநிலம் அது. 2025-இல் மறுபடி சனி, ஞாயிறுக்கே திரும்பிவிட்டது. “ஞாயித்துக்கிழமையையே நிலையா வச்சிருக்காத ஊர்ல எப்படிங்க குடியிருக்கறது?” என்றாள் மனைவி. கெடாவில் இருக்கும் சுங்கைப்பட்டாணியிலும் விடுமுறைக் குழப்பம்தான். அங்கே இன்றும் விடுமுறை வெள்ளி, சனி. பக்கத்து மாநிலமான பினாங்கில் சனி, ஞாயிறு. கணவன் பினாங்கிலும் மனைவி கெடாவிலும் வேலை பார்த்தால் வாரத்தில் சனிக்கிழமை மட்டும்தான் சண்டை போட முடியும்.

கிழக்குக் கரையை மனைவி ஒரே வாக்கியத்தில் கழித்துவிட்டாள். அழகான கடற்கரைதான். ஆனால் வருடக் கடைசியில் வடகிழக்குப் பருவக்காற்று வந்தால் கடல் ஊரைப் பார்க்க வருகிறது, ஆறு வீட்டைப் பார்க்க வருகிறது. “சீசனுக்கு மாடிக்குக் குடிபோற வீடு எனக்கு வேண்டாம்.”

பினாங்குதான் எங்களைக் கிட்டத்தட்டக் கவிழ்த்தது. 1985-இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலத்தில் ஏறும்போதே தீவு மலையும் கட்டடமுமாக எழுந்து வருகிறது. ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்களில் பள்ளிவாசல், சீனக் கோயில், மாரியம்மன் கோயில் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. தண்ணீர்மலை முருகனுக்கு 513 படிகள். பத்துமலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முருகனைப் படிக்கணக்கு போட்டு ஒப்பிடக்கூடாதுதான்; மூட்டுக்கு அந்த விவேகம் கிடையாது.

நாசி கண்டார் கடை ஒன்றில் பசியாற உட்கார்ந்தோம். மீன் குழம்பு, கோழிக் குழம்பு, பருப்பு எல்லாவற்றையும் ஒரே சோற்றின் தலையில் ஊற்றி எடுத்து வந்தார்கள். கல்லாவில் இருந்த பெரியவர் என் பேச்சைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“ராம்நாடு பக்கம்ங்க.”

“ராம்நாட்டுல எங்க?”

“முதுகுளத்தூர்.”

“அட! நம்ம வாப்பா பனைக்குளத்துல இருந்து கப்பலேறி வந்தவரு” என்று எழுந்தே வந்துவிட்டார். எங்கள் மாவட்டத்துக் கடலோர ஊர்களிலிருந்து போனவர்கள் இப்படிப் பினாங்கில் தலைமுறை தலைமுறையாகச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார்கள். “இப்பவும் தண்ணியில்லாக் காடுதானா?” என்று ஆசையாக விசாரித்தார். அதிகாரிகளைப் பயமுறுத்த “தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திடுவேன்” என்பார்களே, அந்தக் காடு எங்களுடையது. அதே காடுதான், வரி கட்டிக்கொண்டு அப்படியே இருக்கிறோம் என்றேன். காசு வாங்க மறுத்தார்.

பினாங்கின் குறையையும் அவரே சொன்னார். “லீவு வந்துட்டா வெளியூர்க்காரன் எல்லாம் காரைப் போட்டுக்கிட்டு வந்துடுறான் தம்பி. நம்ம ஊரு சோத்துக்கு நம்ம ஒரு மணி நேரம் வரிசையில நிக்கணும்.” தீவுக்காரர்கள் இந்தக் குறையைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பளபளப்பு தெரிந்தது. அதைக் குறையாகச் சொன்னார்களா, விளம்பரமாகச் சொன்னார்களா என்பதே விளங்கவில்லை. வாடகையும் அந்தப் பளபளப்புக்கு ஏற்றபடி இருந்தது.

பினாங்கைக் கடைசியில் கவிழ்த்தது அம்மாவின் கேள்வி. பாயான் லெப்பாஸில், விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பழைய சீனக் கோயில் இருக்கிறது. பாம்புக் கோயில். பச்சை நிற விரியன்கள் பூஜை மேடையிலும் மரக்கிளையிலும் சுருண்டு படுத்திருக்கும். இதை அம்மாவிடமிருந்து மறைத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். நான் மகனுக்கு அனுப்பிய படத்தை அவன் பாட்டிக்கு அனுப்பிவிட்டான்.

ஈப்போ நல்ல ஊர். சுற்றிலும் சுண்ணாம்புக்கல் குன்றுகள், வெள்ளைக் காப்பி, கல்லுமலைக் கோயில் மலையடிவாரத்திலேயே இருக்கிறது, படி ஏற வேண்டியதில்லை. அங்கே சொல்லப்பட்ட குறை: “பிள்ளைங்க எல்லாம் கே.எல்.லுக்கும் சிங்கப்பூருக்கும் போயிட்டாங்க.” இதைக் கேட்பதற்கு மலேசியாவுக்கு வர வேண்டாமே, முதுகுளத்தூரிலேயே திண்ணைக்குத் திண்ணை கிடைக்கும் என்று கிளம்பிவிட்டோம்.

அங்கிருந்து வடக்கே போகும் வழியில்தான் தைப்பிங். பட்டியலிலேயே இல்லாத ஊர். பழைய ஈயச் சுரங்கம் ஒன்றை 1880 வாக்கில் ஏரிப் பூங்காவாக மாற்றியிருக்கிறார்கள். கரையோரத்துத் தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டிக் கிளைகளை நீட்டி ஏரித் தண்ணீரைத் தொடுகின்றன. நாட்டின் முதல் ரயில் 1885-இல் இந்த ஊரிலிருந்துதான் துறைமுகத்துக்கு ஓடியது. பூங்கா பெஞ்சில், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தமிழர் ஒருவர் மடியில் குடையோடு உட்கார்ந்திருந்தார். வானத்தில் பொட்டு மேகம் இல்லை.

மனைவி வழக்கமான கேள்வியைக் கேட்டாள். “இந்த ஊர்ல என்னங்க ஐயா கஷ்டம்?”

பெரியவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். “குடை இருக்கா?” என்றார்.

இல்லை என்றோம். அதன்பின் அவர் பேசியதை ஒரு புலம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது ஒரு சங்கீதக் கச்சேரி. ஊருக்குப் பின்னாலேயே லாருட் மலை சுவர் மாதிரி நிற்கிறது. மலாக்கா நீரிணையிலிருந்து வரும் ஈரக்காற்று அதில் மோதி மேலே ஏறும், குளிரும், மதியம் தாண்டியதும் கொட்டும். அந்தக் காலத்தில் இன்றைக்கு எத்தனை மணிக்கு மழை வரும் என்று பந்தயமே கட்டுவார்களாம். மழை வருமா வராதா என்று யாரும் கட்டுவதில்லை. அதில் பணம் கிடைக்காது. பீரோவில் வைத்த பெல்ட்டில் பூஞ்சை பிடிக்கும். அப்பளம் பொரிப்பதற்கு முன்பே நமுத்துப்போயிருக்கும். உப்பு ஜாடியில் கரண்டி நிற்கும். கல்யாணத்துக்குத் துவைத்த சட்டை கருமாதிக்குத்தான் காயும். “முப்பத்தஞ்சு வருசமா இந்தத் தொல்லைதான் சார். போதும் போதும்னு ஆயிடுச்சு” என்று அவர் முடிக்கவும் முதல் துளி என் மூக்கில் விழவும் சரியாக இருந்தது. மணி மூன்று. பந்தயம் கட்டியிருந்தால் யாரோ ஜெயித்திருப்பார்.

அவர் குடைக்குள் மூன்று பேரும் பாதிப் பாதியாக நனைந்துகொண்டிருந்தபோது எனக்கு மனக்கணக்கு ஓடியது. தைப்பிங்கில் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 4,000 மில்லிமீட்டர் பெய்கிறது. எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் 800 சொச்சம், அதுவும் ஐப்பசி, கார்த்திகையில் மனம் வைத்தால். எங்கள் ஐந்து வருட மழையை இவர்கள் ஒரே வருடத்தில் செலவு செய்துவிட்டு அலுத்துக்கொள்கிறார்கள். கண்மாய் நிறையவில்லை, கிணறு வற்றிவிட்டது, சீமைக் கருவேலம் மட்டும் செழிக்கிறது என்று என் பாட்டன் புலம்பினார், அப்பா புலம்பினார், நானும் புலம்பினேன். மழை அதிகம் என்று புலம்பும் பாக்கியம் எங்கள் பரம்பரையில் ஒருவருக்கும் வாய்த்ததில்லை.

குறையில்லாத ஊர் எங்கும் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால், ஒரு ஊரில் குடியேறுவது என்றால் அந்த ஊர்க்காரர்களின் புலம்பலில் நாமும் சேர்ந்துகொள்வது என்பதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. டீக்கடையில், லிஃப்டில், கோயில் பிரகாரத்தில் புதியவன் பேச்சில் கலந்துகொள்ள அதுதான் நுழைவுச்சீட்டு. ஊரைப் புகழ்ந்தால் சுற்றுலா வந்தவன் என்று சிரித்து அனுப்பிவிடுவார்கள். அவர்கள் அலுத்துக்கொள்வதை நாமும் மனமார அலுத்துக்கொண்டால் நாற்காலியை நகர்த்திப் போடுவார்கள். அப்படியென்றால் எந்தப் புலம்பலை வருடக்கணக்கில் சலிக்காமல் பாட முடியும் என்று பார்த்துத்தான் வீடு எடுக்க வேண்டும். ஜேமைப் பற்றி எனக்கு ஒரு வாரத்துக்கு மேல் பேச வராது. சாப்பாட்டுக்கடை வரிசையைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. மழையைப் பற்றி என்றால் ஏழு ஜென்மத்துக்குச் சரக்கு வைத்திருக்கிறேன்.

எக்செல்லை மூடினேன். தாமான் என்று இங்கே சொல்லும் குடியிருப்பு ஒன்றில் தரைவீடு கிடைத்தது. மாத வாடகையை வெள்ளிக் கணக்கில், அதாவது ரிங்கிட்டில் கேட்டு, ரூபாயில் பெருக்கி, அதிர்ச்சி குறைவாக இருந்ததால் அன்றே முன்பணம் கொடுத்தோம். முருங்கை மரம் கொல்லையிலேயே இருந்தது. வாசலும் இருந்தது. மனைவி காலையில் போடும் கோலத்தை மாலைக்குள் மழை அழித்துவிடுவதால், நேற்றைய கோலம் இன்றைக்கு மிச்சமிருக்கும் பிரச்சினையே கிடையாது. மகன் விமான நிலையம் தூரம் என்று முகம் சுளித்தான். பாம்பு உண்டா என்று அம்மா மறுபடி கேட்டபோது, இந்த மழையில் அது எங்கே வெளியே வரப்போகிறது என்று சமாளித்தேன்.

இப்போது எங்கள் வீட்டிலும் பெல்ட்டில் பூஞ்சை பிடித்திருக்கிறது. அக்கம்பக்கத்துக்காரர்களோடு சேர்ந்து நாங்களும் வானத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறோம். துணி காயவில்லை, அப்பளம் நமுத்துவிட்டது, ஜன்னலைத் திறக்க முடியவில்லை என்று அம்மாவிடம் தொலைபேசியில் தவறாமல் அலுத்துக்கொள்கிறேன். அம்மாவும் ஒன்று விடாமல் கேட்டுக்கொள்கிறார். எதற்காக என்பது பிறகு ஊருக்குப் போய்வந்த மகன் சொல்லித்தான் தெரிந்தது. நான் வெளிநாட்டில் எப்படி இருக்கிறேன் என்று யாராவது விசாரித்தால், சம்பளம், வீடு, கார் எதையும் அம்மா சொல்வதில்லையாம். “அவனுக்கென்ன, மழைத் தொந்தரவுதான் தாங்க முடியலையாம்” என்று மட்டும் சொல்கிறாராம். முதுகுளத்தூரில் ஒரு தாய் பிள்ளையைப் பற்றி இதற்கு மேல் பீற்றிக்கொள்ள வழியில்லை.